மாற்றக்கூடிய தலையெழுத்து

அஞ்சல் இலாகாவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் உத்தியோகம் பார்த்து, அவற்றில் பெரும்பகுதியை மாயவரம் வட்டாரத்து அலுவலகங்களிலேயே கழித்து ஓய்வு பெற்றவன் நான் என்பதால், முகவரி என்ற விஷயத்தில் எனக்கு எப்பொழுதும் ஒரு தனிப்பற்று உண்டு. ஒரே ஊருக்கு வருகிற கடிதங்களில் ஒன்றின்மேல் ‘தரங்கம்பாடி’ என்றிருக்கும். இன்னொன்றின்மேல் ‘டிராங்குபார்’ என்றிருக்கும். மூன்றாவதில் ஊர்ப்பெயரே இராமல், ‘டேனிஷ் கோட்டைக்குப் பின்புறம்’ என்று மட்டும் எழுதி, அதன்கீழே 609313 என்ற எண்ணை இட்டிருப்பார்கள். எழுதியவர் எவ்விதம் எழுதியிருந்தாலும், அந்தப் பெயர் எந்த வீட்டைக் குறிக்கிறது என்று அறிந்து, அந்த வீட்டுத் திண்ணையில் கடிதத்தைச் சேர்ப்பிப்பதே தபால்காரரின் தர்மம். அவர் மனம் வைத்தால் அதை வேறொரு வீட்டில் போட்டுவிடலாம். ‘அப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்று குறித்துத் திருப்பியும் அனுப்பிவிடலாம். எங்கோ தொலைவில் இருந்து எழுதியவருக்கு உண்மை தெரிய வழியே இல்லை. இவ்வளவு பெரிய நம்பிக்கை ஒரு மனிதர்மேல் வைக்கப்படுகிற காரணத்தால்தான், அவரை நியமிக்கிறவர் யார், அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர், எந்தச் சந்தர்ப்பத்தில் எவருடைய உத்தரவின்பேரில் ஒரு கடிதத்தை நிறுத்திவைக்கலாம் என்பவற்றையெல்லாம் சர்க்கார் சட்டத்தில் எழுதிவைத்தது.

அந்தத் தபால்காரரின் வேலையில் ஒரு பகுதியை இப்பொழுது வேறொருவர் பார்த்துவருகிறார் என்பதும், அவரை நியமித்தவர் யார் என்று நம்மில் பெரும்பாலோர் ஒருநாளும் கேட்டதில்லை என்பதும், 2025 நவம்பரில் டென்மார்க் தேசத்து ஆர்ஹுஸ் நகரில் என் தங்கை மகன் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் எனக்கு உறைத்தன.

அவன் சில நாட்களுக்கு முன்புதான் வீடு மாறியிருந்தான். வீட்டோடு இணையக் கம்பெனியையும் மாற்றியிருந்தான். கூடத்து அலமாரியில், கோட்டுகளுக்குக் கீழே, செருப்புகளுக்குப் பக்கத்தில், ஒரு பழைய எவர்சில்வர் சம்புடம் அளவுக்கு ஒரு சிறு கணினி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒரே கணினிக்குள் நான்கு தனித்தனிக் கணினிகள் இருப்பதுபோன்ற ஏற்பாடு. அவற்றைக் கண்டெய்னர்கள் என்று சொல்கிறார்கள். ஒன்றில் எங்கள் குடும்பத்துப் புகைப்படங்கள் இருந்தன. ராத்திரிதோறும் அவற்றின் நகல் ஒன்று வெளியூரில் உள்ள ஒரு கணினிக்குப் போய்ச் சேரவேண்டும். வீடு மாறி எட்டு நாளாகியும் அது போகவில்லை. ‘பெயரைக் கண்டறிய இயலவில்லை’ என்ற பொருளில் ஒரு வாசகம் மட்டும் திரையில் வந்து நின்றது.

“மாமா, இது இன்னும் பழைய கம்பெனிக்காரன்கிட்டதான் வழி கேட்டுட்டிருக்கு. நாம இப்போ அவனுக்கு வாடிக்கையாளர் இல்லை. அதனால அவன் பதில் சொல்ல மாட்டான்” என்றான் அவன். பிறகு, ஓய்வுபெற்ற தபால்காரரைக் கௌரவிக்கும் உத்தேசத்தோடு, “நீங்களே மாத்துங்க மாமா” என்று விசைப்பலகையை என் பக்கம் நகர்த்தினான். கண்டெய்னருக்குள்ளே ‘ரிசால்வ்.கான்ஃப்’ என்று ஒரு சிறு கோப்பு. அதில் ‘நேம்செர்வர்’ என்ற சொல்லும், அதற்குப் பக்கத்தில் புள்ளியிட்டுப் பிரித்த நான்கு எண்களும் ஆக ஒரே ஒரு வரி. பழைய எண்களை அழித்துப் புதிய எண்களை எழுதினேன். உடனே வழி திறந்தது. நகல் போக ஆரம்பித்தது. முப்பத்து நான்கு ஆண்டு உத்தியோகத்தில் வராத ஒரு கர்வம் எனக்கு அந்த இரண்டு நிமிஷத்தில் வந்துவிட்டது. அவன் சிரித்துக்கொண்டே அந்தக் கண்டெய்னரை நிறுத்தி, மறுபடியும் எழுப்பினான். கோப்பைத் திறந்து பார்த்தால், நான் எழுதியதைக் காணோம்; பழைய எண்களே ஒன்றும் நடவாததுபோல உட்கார்ந்திருந்தன.

“உள்ளே உட்கார்ந்து எழுதினா நிக்காது மாமா. ஒவ்வொரு தடவை இது எழும்போதும் வெளியில இருக்கிற மெஷின் அந்த வரியைப் புதுசா எழுதிடும். சொல்ல வேண்டிய இடம் வெளியிலதான்” என்று சொல்லி, கண்டெய்னருக்கு வெளியே, எல்லாவற்றையும் தாங்குகிற மூலக் கணினிக்குப் போய், இன்ன இலக்கமுள்ள கண்டெய்னருக்கு இன்ன வழிகாட்டி என்று ஒற்றை வரிக் கட்டளை ஒன்றை இட்டான். மறுபடி எழுப்பியபோது புதிய எண்கள் நிலைத்துவிட்டன. அடுத்த கண்டெய்னர் டாக்கர் என்ற வேறு முறையில் உண்டாக்கப்பட்டதாம்; அதற்கு இந்தச் சலுகையும் கிடையாது. உண்டாக்குகிற சமயத்தில் எந்த வழிகாட்டியைக் குறித்தோமோ அதுவே கடைசிவரைக்கும். மாற்ற வேண்டுமானால், உள்ளிருக்கும் சரக்கைப் பத்திரமாக வெளியில் வைத்துக்கொண்டு, அந்தக் கண்டெய்னரையே கலைத்துவிட்டு, புதிதாக ஒன்றைச் செய்து சரக்கை அதில் ஏற்றவேண்டும். “தலையெழுத்து மாதிரிதான்” என்றான். அவன் விளையாட்டாகச் சொன்ன அந்தச் சொல்லைவிடப் பொருத்தமான கலைச்சொல் ஒன்றை இந்த விஷயத்துக்கு எந்த நிபுணர் குழுவும் உண்டாக்கிவிட முடியாது என்பது என் அபிப்பிராயம்.

இந்த வழிகாட்டிக்கு டி.என்.எஸ். சர்வர் என்று பெயர். டி.என்.எஸ். என்பது என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் எண்ணால் ஆன முகவரி உண்டு. மனிதர்கள் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளமாட்டார்கள், பெயரைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்பதால், பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் ஓர் ஏற்பாட்டைப் பால் மாக்கபெட்ரிஸ் என்ற அமெரிக்கர் 1983இல் வகுத்தார். அதற்கு முன்பு எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே பட்டியலில் எழுதப்பட்டு, கலிபோர்னியாவிலுள்ள ஓர் ஆராய்ச்சி ஸ்தாபனத்திலிருந்து எல்லோராலும் பிரதி எடுத்துக்கொள்ளப்பட்டது. ஊர் பெருத்ததும் பட்டியல் தாங்கவில்லை. இன்று உங்கள் கைப்பேசியில் ஒரு பெயரைத் தட்டினால், அது முதலில் ஒரு டி.என்.எஸ். சர்வரிடம் போய்க் கேட்கிறது. அந்தச் சர்வர், தனக்குத் தெரியாவிட்டால், மேலே உள்ள பதிவேடுகளைக் கேட்டு, டென்மார்க்கின் பெயராக இருந்தால் 1987இல் பிறந்த ‘.டிகே’ பதிவேட்டைக் கேட்டு, படிப்படியாக இறங்கிவந்து எண்ணைச் சொல்கிறது. இந்த யாத்திரை முழுவதும் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. நான் இங்கே பேச வந்தது அந்த முதல் சர்வரைப் பற்றித்தான். அதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ரவுட்டர் எழும்போது இணையக் கம்பெனி அதற்கு எழுதிக்கொடுக்கிறது. நம் கைப்பேசி வீட்டுக்குள் நுழையும்போது ரவுட்டர் அதற்கு எழுதிக்கொடுக்கிறது. கண்டெய்னருக்கு வாய்த்த தலையெழுத்தே நமக்கும் வாய்த்திருக்கிறது.

கண்டெய்னர் என்ற சொல்லே துறைமுகத்திலிருந்து கணினிக்குக் குடிபெயர்ந்ததுதான். 1956இல் மால்கம் மக்லீன் என்ற அமெரிக்கர் ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பலில் இரும்புப் பெட்டிகளை ஏற்றி அனுப்பியதில் இந்தக் கதை ஆரம்பிக்கிறது. அவர் தொடங்கிய சீ-லேண்ட் கம்பெனியின் சர்வதேசக் கப்பல் தொழிலை 1999இல் வாங்கியது டென்மார்க்கின் மேர்ஸ்க். அந்தப் பெட்டியின் சூட்சுமம் என்னவென்றால், உள்ளே இருப்பது மிளகாயா மோட்டாரா என்று துறைமுகத்தில் யாரும் திறந்து பார்க்கவேண்டியதில்லை. அது எங்கே போகவேண்டும் என்பது வெளியில் உள்ள ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது. ஏடு போனால் பெட்டி வெறும் இரும்புதான். இந்தப் பாடத்தை மேர்ஸ்க் கம்பெனியைவிட அதிக விலை கொடுத்துப் படித்தவர்கள் இல்லை. 2017 ஜூன் 27ஆம் தேதி ‘நாட்பெட்யா’ என்ற நாசகார நிரல் அதன் கணினிகளைச் சூறையாடியபோது, கப்பல்கள் மிதந்துகொண்டுதான் இருந்தன, பாரந்தூக்கிகள் நின்ற இடத்தில்தான் நின்றன. ஆனால் கம்பெனியின் வலைப்பின்னலில் யார் யார், எது எங்கே என்று குறித்துவைத்திருந்த சுமார் 150 சர்வர்களில் ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் ஒருசேர அழிந்தன. மின்சாரம் தடைப்பட்டிருந்த காரணத்தால் கானா தேசத்து அலுவலகத்தில் இருந்த அந்த ஒன்று மட்டும் தப்பிப் பிழைத்தது. அதிலிருந்துதான் உலகத்திலேயே பெரிய கப்பல் கம்பெனிகளில் ஒன்று தன்னை மறுபடி எழுதிக்கொண்டது. பத்து நாளில் 45,000 கணினிகளையும் 4,000 சர்வர்களையும் புதிதாக நிறுவினோம் என்று அக்கம்பெனியின் தலைவர் பிறகு பகிரங்கமாகச் சொன்னார். சரக்கைவிடப் பெயர்ப் பதிவேடு பெரிது என்பதற்கு இதைவிட நிதர்சனமான சாட்சி வேண்டியதில்லை.

ஒரு கம்பெனிக்கு வாய்த்த இந்த நிலை ஒரு தேசத்துக்கும் பொருந்துமா என்று கேட்டால், டென்மார்க்குக்கு விசேஷமாகப் பொருந்தும் என்பேன். அந்நாட்டின் நான்காம் கிறிஸ்தியான் அரசர் காலத்தில்தான், 1620இல், தஞ்சை ரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை ஏற்பட்டுத் தரங்கம்பாடியில் கோட்டை எழுந்தது. அதே அரசர்தாம் 1624இல் தம் தேசத்தில் அரசாங்கத் தபாலை ஸ்தாபித்தார். கோட்டையை 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். தபால் நானூறு ஆண்டுகள் நடந்தது. நான் ஆர்ஹுஸில் இருந்த நாட்களில், தெருமுனைச் சுவரில் சிவப்புத் தபால்பெட்டி இருந்த இடத்தில் நான்கு ஆணித்துளைகள் மட்டுமே மிஞ்சியிருந்தன. தேசம் முழுவதும் இருந்த 1,500 பெட்டிகளையும் அந்த ஆண்டு ஜூனிலிருந்தே கழற்றத் தொடங்கிவிட்டார்கள். 2025 டிசம்பர் 30ஆம் தேதி போஸ்ட்நோர்டு என்ற அரசுத் தபால் நிறுவனம் டென்மார்க்கில் தன் கடைசிக் கடிதத்தைப் பட்டுவாடா செய்து முடித்தது. வேண்டுபவர்களுக்குக் கடிதம் கொண்டுபோகத் தனியார் கம்பெனி உண்டு. ஆனால் சர்க்கார் தன் பிரஜைக்கு எழுதுவது 2014 நவம்பரிலிருந்தே பெரும்பாலும் இணையத்தின் வழியாகத்தான். ஆஸ்பத்திரியில் வரச்சொல்லும் தேதியும், வரி இலாகாவின் நோட்டீசும், பள்ளிக்கூட விஷயமும் எல்லாம் ஒரு திரையில் வந்து விழுகின்றன. அப்படியிருக்க, அந்தத் திரைக்கு வழி சொல்கிற டி.என்.எஸ். சர்வர்தான் அந்தத் தேசத்தின் தபால்காரர் என்று நான் சொன்னால் அது அலங்காரப் பேச்சல்ல.

அந்தத் தபால்காரருக்கு, சில பெயர்களைக் கேட்டால் உண்மையான எண்ணைச் சொல்லாதே என்று டென்மார்க் இருபது ஆண்டுகளாகப் பழக்கிவருகிறது. 2005 அக்டோபரில், குழந்தைகளைச் சீரழிக்கும் படங்கள் உள்ள தளங்களின் பட்டியலைப் போலீஸார், குழந்தைகள் நலனுக்கு உழைக்கும் ‘ரெட் பார்னெட்’ என்ற ஸ்தாபனத்தோடு சேர்ந்து தயாரிக்க, டி.டி.சி. என்ற பெரிய தொலைபேசிக் கம்பெனி தன் டி.என்.எஸ். சர்வரில் அவற்றை முதலில் மறித்தது. மற்றக் கம்பெனிகள் பின்தொடர்ந்தன. இந்த நோக்கத்தைக் குறைசொல்ல எந்த மனிதனுக்கும் நாக்கு எழாது. அடுத்த ஆண்டே, 2006 அக்டோபரில், ருஷ்ய தேசத்துப் பாட்டு வியாபாரத் தளம் ஒன்றை மறிக்கும்படி டெலி2 என்ற கம்பெனிக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. 2008 தொடக்கத்தில் ‘பைரட் பே’ என்ற தளத்துக்கும் அதே கதி நேர்ந்தது. 2010 மே மாதத்தில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் இது செல்லும் என்று உறுதிப்படுத்தியது. 2012 முதல், உரிமம் பெறாத சூதாட்டத் தளங்களும் பட்டியலில் சேர்ந்தன. குழந்தையைக் காப்பாற்றக் கட்டின வேலி, பாட்டைக் காப்பாற்றி, பிறகு சர்க்காரின் சூதாட்ட வருமானத்தையும் காப்பாற்ற நீண்டுவிட்டது. வேலி கட்டத் தெரிந்துகொண்டவன் கை சும்மா இருக்காது என்பது எங்கும் உள்ள சுபாவம். இதில் டென்மார்க் மட்டும் விதிவிலக்காக இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல.

இதன் விபரீதம் 2012 மார்ச் முதல் தேதி வெளிப்பட்டது. போலீஸாரின் கணினிக் குற்றப் பிரிவில் ஓர் ஊழியர், குற்றமற்ற சுமார் 8,000 தளங்களின் பெயர்கள் கொண்ட ஒரு பட்டியலைத் தவறுதலாக வேறொரு கோப்புறையில் வைத்துவிட்டார். மறிக்கவேண்டியவை இருக்கும் கோப்புறை அது. தொலைபேசிக் கம்பெனிகளின் கணினிகள் அதைத் தாமாகவே எடுத்துப்போய்த் தம் சர்வரில் பதித்துக்கொள்ளும் ஏற்பாடு. கூகுளும் ஃபேஸ்புக்கும் அந்த எண்ணாயிரத்தில் இருந்தன. ஸீமின் என்ற கம்பெனியின் வாடிக்கையாளர்கள் கூகுளைத் திறக்கப்போனால், குழந்தைகளைச் சீரழிக்கும் படங்களைப் பார்க்க நீங்கள் முயல்வதால் போலீஸார் மறித்திருக்கிறார்கள் என்ற அறிவிப்பு வந்து நின்றது. சில மணி நேரத்தில் தவறு திருத்தப்பட்டது. போலீஸார் மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் நல்ல காரியத்துக்காகப் பொய் சொல்லப் பழகிய தபால்காரர், தவறான உத்தரவு வந்தாலும் அதே பணிவோடு பொய் சொல்வார் என்பது அன்று ஊரறிய நிரூபணமாயிற்று. உத்தரவு வந்த கையெழுத்தைத்தான் அவர் பார்க்கிறார். உத்தரவின் நியாயத்தைப் பார்க்க அவருக்குக் கண் கிடையாது.

இதைப் படித்துவிட்டு, எங்கேயோ வடதுருவத்துக்குப் பக்கத்தில் நடந்த வேடிக்கை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். அதே 2012ஆம் ஆண்டு மே மாதத்தில், ‘3’ என்ற தமிழ்ப் படத்தையும் ‘தம்மு’ என்ற தெலுங்குப் படத்தையும் திருட்டுத்தனமாகப் பார்க்கவிடாமல் தடுப்பதற்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெறப்பட்ட உத்தரவு ஒன்றைக் காட்டி, நம் தேசத்து இணையக் கம்பெனிகள் பல, படைப்பாளிகள் தம் சொந்தப் படங்களை வைத்திருக்கும் விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களை முழுவதுமாக மூடிவிட்டன. இந்த வகை உத்தரவுக்கு நம் வக்கீல்கள் ‘அசோக்குமார் உத்தரவு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்; குற்றவாளி யார் என்று தெரியாதபோது பிரதிவாதியின் இடத்தில் எழுதும் கற்பனைப் பெயர் அது. அந்தக் கற்பனை மனிதருக்காக, ஏதும் அறியாத லட்சக்கணக்கான நிஜ மனிதர்களுக்கு வழி அடைபட்டது. ஜூன் மாதத்தில் அதே நீதிமன்றம், திருட்டுப் படம் இருக்கும் குறிப்பிட்ட பக்கத்தைத்தான் மறிக்கவேண்டுமே தவிர முழுத் தளத்தை அல்ல என்று தெளிவுபடுத்திய பிறகே நிலைமை சீர்பட்டது. ஆர்ஹுஸ் வாசியும் ஆழ்வார்பேட்டை வாசியும் ஒரே வசந்தகாலத்தில் ஒரே பாடத்தைப் படித்தார்கள்.

நியாயத்தை நியாயமாகச் சொல்லவேண்டும். டென்மார்க் செய்வதில் நாம் பின்பற்றத்தக்கவையும் உண்டு. பதிப்புரிமை சம்பந்தமான தடைகள் அங்கே நீதிமன்றத்தின் வாயிலாக வருகின்றன. மறிக்கப்பட்ட தளங்களின் பட்டியலைத் தொலைபேசிக் கம்பெனிகளின் சங்கம் எவரும் படிக்கும்படி வெளியிடுகிறது. தடைபட்ட தளத்தைத் தேடிப்போனவனுக்கு, ‘அப்படி ஒரு தளமே இல்லை’ என்று சொல்லாமல், இன்ன காரணத்தால் மறிக்கப்பட்டது என்று ஒரு பக்கத்தைக் காட்டுகிறார்கள். நம் நாட்டிலோ, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் வரும் தடைகளை, 2009இல் வகுத்த விதிகளின் 16ஆவது விதி ரகசியமாக வைக்கச் சொல்கிறது. எது மறிக்கப்பட்டது, ஏன் மறிக்கப்பட்டது என்று மறிக்கப்பட்டவனுக்கே தெரியாத நிலை. கடிதத்தை நிறுத்திவைத்ததையும் சொல்லமாட்டோம், நிறுத்தச் சொன்னவரையும் சொல்லமாட்டோம் என்று ஒரு தபாலாபீஸ் நடக்குமானால், அதற்குப் பூட்டுப்போடச் சொல்லி ஊரே திரண்டுவரும். இணையத்தில் மட்டும் நாம் அதைச் சகித்துக்கொண்டிருக்கிறோம்.

டென்மார்க்கின் முறையிலும் ஓர் ஓட்டை உண்டு. 2014இல் கம்பெனிகளும் உரிமைதாரர் சங்கமும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஒரு கம்பெனிக்கு எதிராக உத்தரவு கிடைத்தால் மற்றவையும் அதைத் தாமாகவே நிறைவேற்றுகின்றன. வழக்கில் எதிரே நிற்பது இணையக் கம்பெனி; அதற்கு அந்தத் தளத்தின்மீது பாசமும் இல்லை, வாதாடி ஆகவேண்டிய லாபமும் இல்லை. மறிக்கப்படுகிற தளத்தின் சொந்தக்காரர் பெரும்பாலும் சபையிலேயே இல்லை. வழி அடைபடுகிற வாசகனோ வழக்கு நடந்ததையே அறியான். வாதியும் நீதிபதியும் மட்டும் இருக்கிற சபையில் தீர்ப்பு சீக்கிரம் வரும் என்பது வாஸ்தவம். ஆனால் சீக்கிரம் வருவதெல்லாம் நியாயமாகிவிடாது.

இத்தனை சிரமப்பட்டு எழுப்பிய இந்த வேலி எவ்வளவு உயரம் என்று பார்த்தால், சிரிப்புத்தான் வருகிறது. 2008இல் தடை வந்த உடனேயே, ‘பைரட் பே’காரர்கள் டென்மார்க் மக்களுக்கு டி.என்.எஸ். எண்ணை எப்படி மாற்றிக்கொள்வது என்று படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். தடைக்குப் பிறகு கூட்டம் அதிகரித்தது என்று பெருமையும் அடித்துக்கொண்டார்கள். என் தங்கை மகனைப்போல ஒரே ஒரு வரியை மாற்றத் தெரிந்தவனுக்கு வேலி இல்லை; தெரியாத சாதுவான ஜனங்களுக்கு மட்டுமே வேலி. திருடனை விட்டுவிட்டு வழிப்போக்கனை மறிக்கிற வேலி அது. தற்செயலாகத் தடுக்கி விழுகிற குழந்தையை அது காப்பாற்றும் என்ற வாதத்தை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன். அந்த அளவுக்கு அது பிரயோஜனமானதுதான். ஆனால் கொடியவர்களின் படங்கள் வேலிக்கு அப்பால் அப்படியே இருக்கின்றன. அவற்றை வைத்திருக்கும் சர்வரையே கண்டுபிடித்து மூடுவதும், வைத்தவரைப் பிடித்துக் கூண்டில் ஏற்றுவதும்தான் காரியம். திரை போட்டுவிட்டு, வீட்டைச் சுத்தம் செய்துவிட்டோம் என்று சொல்லக்கூடாது.

இனி, வரியை மாற்றத் தெரிந்துகொண்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. வழிகாட்டியை மாற்றுவதால் நம்பிக்கை என்ற பாரம் இறங்கிவிடுவதில்லை. அது தோள் மாறுகிறது. 2009 டிசம்பரில் கூகுள் நான்கு எட்டுகளாலான எண் ஒன்றை உலகத்துக்கு இலவசமாக வழங்கியது. 2018 ஏப்ரல் முதல் தேதி கிளவுட்ஃபிளேர் கம்பெனி நான்கு ஒன்றுகளாலான எண்ணை வழங்கியது. மனப்பாடமாகிவிடுகிற எண்கள், விரைவாகப் பதில் சொல்லும் சர்வர்கள். ஆனால் நாள்தோறும் நாம் எந்தெந்த வாசலைத் தேடிப்போகிறோம் என்ற குறிப்பு, உள்ளூர்க் கம்பெனியின் கையிலிருந்து கடல்கடந்த கம்பெனியின் கைக்கு மாறுகிறது என்பதை மறந்துவிடக்கூடாது. டென்மார்க்கில் 2009 முதலாகவே தனிமனிதர் ஒருவர் தம் சொந்த முயற்சியில், மறைப்பின்றி உண்மையான எண்ணை மட்டும் சொல்லும் டி.என்.எஸ். சர்வர்களை நடத்திவருகிறார்; அந்தச் சேவையின் பெயருக்கே ‘தணிக்கையற்றது’ என்று பொருள். என் தங்கை மகன் அன்று கண்டெய்னருக்கு எழுதிவைத்தது அந்த எண்ணைத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவில் 2025 ஜூனில் ‘டி.என்.எஸ்.4இ.யு.’ என்ற பொதுச் சேவை ஒன்றும் தொடங்கியிருக்கிறது. அதே மாதத்தில்தான் டென்மார்க்கின் டிஜிட்டல் இலாகா, மைக்ரோசாஃப்டின் அலுவலக மென்பொருளை விட்டு லிப்ரே ஆபீஸுக்கு மாறப்போவதாக அறிவித்தது. தன் தலையெழுத்தை வெளியார் எழுதுகிறார்களே என்ற கவலை சர்க்காருக்கே வந்துவிட்டது என்பது இதனால் புலப்படுகிறது. சர்க்காருக்கு வந்த கவலை பிரஜைக்கும் வருவதில் தவறு என்ன?

ஆகவே நான் கேட்பவை அதிகமல்ல. ஒரு பெயரை மறிக்கவேண்டுமானால், பகிரங்கமான நீதிமன்றத்தில், பாதிக்கப்படுகிறவர் தரப்பையும் எடுத்துச்சொல்ல ஒருவரை நியமித்து, காலவரையறை குறித்து, உத்தரவிடட்டும். நாள் முடிந்தால் தடையும் முடியட்டும். மறிக்கப்பட்டவற்றின் பட்டியல் கெஜட்டைப்போல எவரும் படிக்கத்தக்கதாக இருக்கட்டும். மறிக்கப்பட்ட வாசலில் வந்து நிற்பவனிடம், இல்லாத வீடு என்று பொய் சொல்லாமல், மறித்தவர் பெயரையும் முறையிட்டுக்கொள்ளும் இடத்தையும் எழுதி ஒட்டட்டும். தபால்காரருக்கு நாம் வகுத்திருந்த தர்மம் இவ்வளவுதான். தபால்காரர் மாறினதால் தர்மம் மாறவேண்டிய அவசியம் இல்லை.

ஊர் திரும்பிய மறுநாள், என் வீட்டு வாசற்படிக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கும் ரவுட்டரில், அந்த ஒரு வரியை நானே தேடிப் படித்தேன். இணைப்புக் கொடுக்க மூன்று ஆண்டுக்கு முன் வந்த பையன் எதை எழுதிவிட்டுப் போனானோ, அதுவேதான் இன்றுவரை இருந்தது. அவன் என்னைக் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் பிறருடைய கடிதங்களைச் சரியான வாசலில் சேர்த்தவனுக்கு, தன் கடிதத்தை எடுத்துப்போகிறவர் யார் என்று பார்க்க இவ்வளவு நாள் ஆயிற்று. பிரமன் எழுதியதை அழித்து எழுத யாராலும் ஆகாது என்பார்கள்; இது மனிதன் எழுதியது, மாற்றலாம். மாற்றுவதும் மாற்றாததும் உங்கள் இஷ்டம். எழுதியவர் யார் என்பதை மட்டும் இன்று இரவு ஒருமுறை படித்துப் பாருங்கள்.